குரல் பிடிக்கிற போன்

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். பானையோடு சண்டை, கதவோடு சண்டை, கடைசியில் என் கணவரோடு சண்டை. தம்பி கடலால் போன அந்தச் சோளகக் காற்றுக் காலத்தில், என் வாய்க்குப் பயந்து மனிசன் ஐஸ் வாடியில் வேலை முடிந்த பிறகும் மீன்பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நின்றார். பாவம், அவருக்கும் பயம்தான். அதை வெளியே விடாமல் விழுங்குகிற ஆள் அவர்.

அப்போது நாங்கள் உப்புக்குளத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். எங்கள் சொந்த ஊர் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலக் கரையில். போருக்குப் பிறகு முகாமில் இருந்து எங்களை விட்டபோது, ஊரில் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை, கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. வாடகை வீட்டுக்காரர் கனடாவில் இருந்தார். அவருடைய பெயரில் ஒரு தொலைபேசி இணைப்பு அந்த வீட்டுச் சுவரில் இருந்தது. போன் பழசு. உப்புக்காற்றில் துருவேறி, சில நாள் ஒழுங்காக மணி அடிக்கும், சில நாள் உள்ளுக்குள் ஏதோ முனகுவதோடு சரி.

தம்பியைச் சண்டை முடிந்ததும் புனர்வாழ்வு என்று கொண்டுபோய் வைத்திருந்தார்கள். வெளியே விட்ட பிறகும் அவனை விட்டபாடில்லை. மாதாமாதம் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்கிடையில் சிவில் உடுப்பில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்று, தம்பி இருக்கிறாரா என்று சிரித்துக்கொண்டு கேட்பார்கள். அதட்டிக் கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. ஒரு நாள் அவன், "அக்கா, இனியும் இஞ்ச இருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும்" என்றான். பின்வீட்டு மாமியின் ஒரே மகனுக்கும் அதே நிலைமைதான். இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் போனார்கள். நீர்கொழும்பில் கடல் தொழிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று ஊருக்குச் சொன்னோம். உண்மையில் போனது அவுஸ்திரேலியாவுக்கு.

கூட்டிக்கொண்டு போகிறவன் கறாராகச் சொல்லியிருந்தானாம். தாள் கூடாது, கைபேசி கூடாது, ஒரேயொரு நம்பரை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று. தம்பி மனதில் வைத்தது எங்கள் வீட்டு நம்பரை. மாமியின் மகனும் அதையேதான் வைத்தான். மாமியிடம் கைபேசி இருந்தது. ஆனால் தெரியாத நம்பர் வந்தால் வெட்டிவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்துவிடுவா. மகனே போன் எடுத்துக் கூப்பிட்டாலும் வெட்டுவா என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மாமியைக் குறை சொல்ல வராது. எங்கள் சனத்துக்குப் போன் கதைப்பதற்கென்றே ஒரு முறை வந்துவிட்டிருந்தது. மணி அடித்தால் எடுப்போம், ஆனால் வாய் திறக்கமாட்டோம். அடித்தவர்தான் முதலில் பேச வேண்டும். அடித்தவரும் எங்கள் ஆளென்றால் அவரும் பேசமாட்டார். இரண்டு பக்கமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். யாராவது ஒருவர் இருமுவார். அந்த இருமலில் ஆளைக் கண்டுபிடித்து, "ஆ, நீங்களோ?" என்று தொடங்குவோம். பெயர் சொல்வதில்லை, ஊர் சொல்வதில்லை. யாரோ கேட்கிறார்கள், யாரோ பதிகிறார்கள் என்ற எண்ணம் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. இப்போது சொல்லச் சிரிப்பு வருகிறது, அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் எங்கள் தேவாலயப் பங்கில் தையல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் நானும் போய், அவரும் போனால் பின்னேரம் வரைக்கும் வீட்டில் ஒரு குருவியும் இல்லை. அந்த நேரத்தில் தம்பி போன் எடுத்துக் கூப்பிட்டால்? மணி அடித்து அடித்து ஓய்ந்தால், எங்களையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைப்பான். பிறகு எடுக்கவே மாட்டான். வகுப்பில் பிள்ளைகளுக்குக் கழுத்து வெட்டக் காட்டிக்கொண்டு நிற்கும்போது இந்த நினைப்பு வரும், கத்தரிக்கோல் கோணலாகப் போய்விடும். இரண்டு மூன்று நல்ல துணி அப்படிப் பாழானது. ஆள் இல்லாதபோது சொல்வதைப் பிடித்து வைக்கிற போன் இருக்கிறது என்று வகுப்புக்கு வந்த ஒரு பிள்ளைதான் சொன்னாள். அன்று பின்னேரமே இவரை இழுத்துக்கொண்டு பசாருக்குப் போனேன்.

கடைக்கார நானா, இடம்பெயர்ந்து போன முஸ்லிம் சனத்தோடு புத்தளத்தில் இருந்து திரும்பி வந்து புதிதாகக் கடை போட்டிருந்தவர். முதலில் வயர் இல்லாத போன் ஒன்றைத் தூக்கி வைத்தார். கையில் எடுத்துக்கொண்டு கிணற்றடி வரைக்கும் போகலாம் என்றார். இவர் அதைத் தொட்டும் பார்க்கவில்லை.

"வயர் உள்ளதுதான் வேணும் நானா. காத்தில போறதை ஆரும் பிடிக்கலாம்."

"கரண்ட் போனாலும் வயர் போன் கதைக்கும்" என்று நானும் சேர்த்தேன். கரண்ட் என்பது எங்களுக்கு ஒரு சாட்டு. நானா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் அதை உள்ளே வைத்தார்.

குரல் பிடிக்கிற வயர் போன் அவரிடம் இரண்டு இருந்தது, இரண்டும் துபாயில் இருந்து யாரோ கொண்டுவந்து விற்றவை. ஒன்றில் சின்னக் கசற் நாடா ஓடும். மற்றதில் கசற் இல்லை, உள்ளே 'சிப்' என்கிற ஏதோ சில்லு. கசற் உள்ளதுதான் நல்லது, கரண்ட் போனாலும் பிடித்தது அழியாது என்றார் நானா. சில்லுப் போனுக்கு அடியில் பற்றரி போட வேண்டும், பற்றரி செத்து கரண்டும் போனால் எல்லாம் போய்விடும். மற்ற எந்த ஊரிலும் ஆட்கள் யோசிக்காமல் கசற் போனைத்தான் வாங்கியிருப்பார்கள். இவர் மூடியைத் திறந்து கசற்றை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வாசலுக்கு வருகிறவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய அளவு.

"இதைக் கழட்டிக்கொண்டு போகலாம் என்ன?" என்றார்.

"ஓம் தம்பி, லேசாக் கழட்டலாம்" என்றார் நானா, அது ஒரு வசதி என்று நினைத்து. பிறகு அவருக்கு விளங்கிவிட்டது. குரலைத் தணித்து, "மற்றதில இந்தப் பட்டினை அமத்திப் பிடிச்சால் ஒண்டும் மிஞ்சாது" என்றார். நாங்கள் சில்லுப் போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டோம்.

வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. நானா பட்டினை அமத்தி, "கதையுங்க தங்கச்சி" என்று என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் நானாவைப் பார்த்தார். நானா, "நான் என்னத்தைக் கதைக்க?" என்று பின்னால் நகர்ந்தார். மூன்று வளர்ந்த மனிசர் ஒரு கறுப்புப் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டு ஊமையாகிவிட்டோம். கடைசியில் நானா மேசை லாச்சிச் சாவியை எடுத்து மேசையில் டக் டக் என்று தட்டினார். பெட்டி அதைத் திருப்பிச் சொன்னது. சரி, வேலை செய்கிறது என்று வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டில் திருஇருதயப் படத்துக்குக் கீழே சின்ன மேசையில் அதை வைத்தேன். ஆள் இல்லாதபோது போன் என்ன சொல்ல வேண்டும் என்பது அடுத்த பிரச்சினை. எங்கள் குரலைப் பதிந்து வைக்க இவர் விடவில்லை. போனோடு கூடவே வந்த ஒரு குரல் இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரி, இங்கிலீஷில் கிளுகிளுவென்று ஏதோ சொல்லி முடிக்க ஒரு கீச்சுச் சத்தம் வரும். அது இருக்கட்டும், அவளுக்கு எங்களைத் தெரியாதுதானே என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

வேலைக்குப் போய்த் திரும்பி வந்தால் முதல் வேலை அந்தப் போனில் சிவப்பாக மின்னுகிற இலக்கத்தைப் பார்ப்பதுதான். இலக்கம் இல்லாவிட்டால் ஒரு பயம். இருந்தால் அதைவிடப் பயம். செருப்பையும் கழற்றாமல் பட்டினை அமத்துவேன். சத்தம் ஒன்றும் வராது. கொஞ்ச நேரம் இரைச்சல், பிறகு டக் என்று வைக்கிற சத்தம். அடுத்ததும் அப்படித்தான். எங்களுக்கு எடுக்கிற எங்கள் ஆட்கள் எல்லாரும் வெள்ளைக்காரியின் குரலைக் கேட்டதும் பொறியில் மாட்டினோம் என்று பயந்து வைத்துவிட்டார்கள். முருங்கனில் இருக்கிற என் சித்தி நேரில் வந்து, "உங்கட போனை ஆரோ பிடிச்சுப்போட்டாங்கள் பிள்ளை, கவனம்" என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனா.

பின்வீட்டு மாமி ஒவ்வொரு நாளும் பின்னேர ஜெபமாலை முடிய வேலியில் இருந்த கடப்பு வாசலால் வருவா. "போன் வந்ததோ பிள்ளை?" இல்லை என்பேன். "வரும்" என்பா. என்னைத் தேற்ற வந்தவ மாதிரித் தோளில் தட்டிவிட்டுப் போவா. தனியாக வளர்த்த பிள்ளை, அவவுக்கு வேறு ஆள் இல்லை. அவ போன பிறகு எனக்கு இவரோடு சண்டை பிடிக்கக் காரணம் தேவைப்படும். உப்புக் காணாது என்று அவர் சொன்னாலும் போதும்.

ஒரு சனிக்கிழமை நான் தேவாலயம் கூட்டிவிட்டு வந்து வீட்டுக் கதவைத் திறக்க, பின்னாலேயே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதே இரண்டு பேர். இந்த முறை வாசலில் நிற்கவில்லை, கதிரையில் வந்து இருந்தார்கள்.

"தம்பி எங்க அக்கா?"

"நீர்கொழும்பில தொழில்."

"போன் எடுக்கிற இல்லையா?"

"அங்க கடலுக்குப் போனால் எங்க எடுக்கிறது" என்றேன். அப்போதுதான் கண்டேன், போனில் சிவப்பு இலக்கம் மின்னிக்கொண்டிருந்தது. மூன்று. ஒன்றில் தம்பியின் குரல் இருந்தால் அவனும் முடிந்தான், நாங்களும் முடிந்தோம். தேத்தண்ணி போடப் போகிறவள் போல எழும்பி, மேசைத் துணியை இழுத்து அதை மூடப் பார்த்தேன். இரண்டு பேரில் இளையவன் கண்டுவிட்டான்.

"இது என்ன? புது மாதிரி போன்."

நான் வாய் திறப்பதற்குள் அவன் எழும்பி வந்து பட்டினை அமத்தினான். அப்படி ஒரு போன் அவனுக்குப் பழக்கம் போலும். மாதாவே, மாதாவே என்று மனதுக்குள் சொன்னதைத் தவிர எனக்கு ஒன்றும் ஓடவில்லை. முதலாவது, இரைச்சல், டக். இரண்டாவது, இரைச்சல், டக். மூன்றாவது உடனே வைக்கப்படவில்லை. தூரத்தில் ஒலிபெருக்கியில் யாரோ ஏதோ பாஷையில் கூப்பிடுகிற சத்தம். அதற்குக் கிட்ட, போனுக்கு மிகக் கிட்ட, ஒரு மூச்சு. இழுத்து, நின்று, திரும்ப இழுத்து. பிறகு டக்.

அவன் சிரித்தான். "ஒருத்தரும் கதைக்கிற இல்லையே அக்கா. போன் சரியில்லை. கடையில திருப்பிக் குடுங்க." மூத்தவனும் சிரித்தான். நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் சனத்தின் வாய்ப்பூட்டு அன்று எங்களைக் காப்பாற்றியது.

மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கும் வரைக்கும் நின்ற இடத்திலேயே நின்றேன். பிறகு அந்த மூன்றாவதைத் திரும்பத் திரும்பப் போட்டேன். அது தம்பிதான். சின்ன வயதில் வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் விழுந்து அவனுக்கு மூக்கெலும்பு உடைந்தது. அன்றிலிருந்து ஒரு பக்கத்தால்தான் மூச்சு வரும். எனக்குத் தெரியாதா? இவ்வளவு நாளும் அழாதவள், மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த நேரம் மாமி வந்தா. என் முகத்தைக் கண்டு பதறிப்போனா. அவவை இருத்தி அதைப் போட்டுக் காட்டினேன். மாமி கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கேட்டா. முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டா.

"இது என்ர மோன் பிள்ளை."

மற்றக் கையால் நான் கண்ணைத் துடைத்தேன்.

"பிறந்ததில இருந்து அவனுக்கு இழுப்பு. எத்தினை இரவு மடியில வைச்சுக்கொண்டு இந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பன். என்ர பிள்ளைதான். போய்ச் சேர்ந்திட்டான்."

அவ சொன்ன பிறகு கேட்டால், எனக்கும் அது இழுப்புக்காரனின் மூச்சாகக் கேட்டது. ஒரே மூச்சு, அதை இரண்டு பொம்பிளைகள் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். அவ பக்கம் வந்தால் என் பக்கம் இல்லை. அப்படி நினைத்ததும் எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. "ஓம் மாமி, அவனாத்தான் இருக்கும். ரெண்டு பேரும் ஒண்டாத்தானே போனவங்கள்" என்றேன். அவவின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வந்து இருப்பா. "போடு பிள்ளை" என்பா. ஒன்றிரண்டு நாள் நான் குசினியில் வேலையாக இருந்தால் தானே பட்டினை அமத்திக் கேட்டுவிட்டு, சொல்லாமல் போய்விடுவா. பேச்சு ஒன்றும் இல்லாதபடியால் அதை அழிக்கத் தேவையில்லை என்று இவரும் விட்டுவிட்டார்.

வெள்ளைக்காரியை அன்றே அழித்தேன். இவரோடு பெரிய சண்டை.

"உன்ர குரலை ஏன் சும்மா கொண்டுபோய்க் குடுக்கிறாய்?"

"அவன் எடுத்தவன். எடுத்து, அவளின்ர குரலைக் கேட்டுப் பயந்து வைச்சிட்டான். இன்னொருக்கா எடுத்தும் வைச்சானெண்டால் நான் செத்துப்போவன்" என்று கத்தினேன். அவர் எழும்பி வெளியே போனார். ஆனால் போகும்போது எனக்குச் சத்தம் வராமல் இருக்கக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போனார். நான் பட்டினை அமத்திப் பிடித்துக்கொண்டு, "நான்தான் கதைக்கிறன். வீட்டில ஒருத்தரும் இல்லை. ஆரெண்டாலும் பயப்பிடாமல் சொல்லுங்கோ" என்றேன். பெயர் சொல்லவில்லை. அந்தளவுக்கு எனக்கும் தைரியம் இல்லை.

அடுத்த கிழமை நடுப்பகுதியில் ஒரு நாள், வகுப்பு முடிந்து வந்தபோது ஒன்று மின்னியது. கதவைத் தாளிட்டுவிட்டு வந்து அமத்தினேன்.

"அக்கா, நான்தான். நான் கரைக்கு வந்திட்டன். முகாமில வைச்சிருக்கிறாங்கள், சாப்பாடு தாறாங்கள், சுகமா இருக்கிறன். போன கிழமையும் எடுத்தனான். ஆரோ இங்கிலீஷில கதைச்சாள், பயத்தில பேசாமல் வைச்சிட்டன்." கொஞ்ச நேரம் அந்த உடைந்த மூக்கின் மூச்சு. "அக்கா, மாமியிட்ட... அவனுக்கு வழியில இழுப்புக் கூடிப்போச்சு. கொண்டுவந்த மருந்தும் முடிஞ்சுது. நான்தான் மடியில வைச்சிருந்தனான். கடலிலதான் விட்டனாங்கள். ஒருக்காச் செபம் சொல்லித்தான் விட்டது. மாமியிட்ட நீங்கள்தான் சொல்லோணும்."

தம்பி உயிரோடு இருக்கிறான் என்று சந்தோசப்பட எனக்குக் கிடைத்தது அவன் அந்த முதல் சில வசனம் சொன்ன நேரம் மட்டும்தான். இவர் வரட்டும், இவரோடு சேர்ந்து சொல்வோம், பங்குச் சுவாமியாரையும் கூப்பிடுவோம் என்று நினைத்தேன். அழித்துவிடலாமா என்றும் நினைத்தேன். தம்பியின் குரலை அழிக்க விரல் வரவில்லை. முகத்தைக் கழுவுவோம் என்று கிணற்றடிக்குப் போனேன். தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன். வேலிக் கடப்புத் திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

உள்ளே இருந்து தம்பியின் குரல் வந்தது. "அக்கா, நான்தான்."

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். மாமி தன்னுடைய கதிரையில், கையில் ஜெபமாலையோடு, கையைக் காதுக்குப் பின்னால் வைத்தபடி இருந்தா. என்னைக் கண்டதும், பேசாதே என்று மற்றக் கையைக் காட்டினா. நான் ஈரத்தோடு வாசலில் நின்றேன். தம்பி கடைசி வரைக்கும் சொல்லி முடித்தான். டக்.

மாமி கத்தவில்லை. மேசைத் துணியின் மடிப்பை விரலால் நீவி நீவி நேராக்கினா. நான் கிட்டப் போய் நிலத்தில் இருந்து அவவின் முழங்காலைப் பிடித்தேன்.

பிறகு அவ, "உன்ர தம்பி சுகமா இருக்கிறானாம் பிள்ளை. கடவுளுக்குத் தோத்திரம்" என்றா. சொல்லிவிட்டு என் தலையைத் தடவினா.

"இனி மற்றதைப் போடு" என்றா. "என்ர மோன்ர மூச்சை."

நான் எழும்பிப் பட்டினை அமத்தினேன்.